நான் காட்டிக்கொடுத்த வழி

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் பத்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போன வாரம் நீங்கள் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் அந்த மஞ்சள் மூஞ்சியை, ஒன்று போதாதென்று, மூன்றாகப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

மறந்தவர்கள் இருப்பீர்கள்; முடிக்குச் சாயம் அடிக்கிற வயதாகிவிட்டது நமக்கு. யாரோ பழைய குரூப் போட்டோவைப் போட்டீர்கள். இன்னொருவர், "அந்த ராக்கி காமெடி ஞாபகம் இருக்குதுங்களா?" என்று எழுதினீர்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் நாம் கூடும்போது அந்த இரண்டு பேரையும் அதே மேடையில் நிறுத்தி, மறுபடியும் ராக்கி கட்ட வைத்து, வீடியோ எடுப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேரில் ஒருவனான பேக்கரிக்காரர் மகன் நம் குழுவிலேயே இருக்கிறான். கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அவள் குழுவில் இல்லை. அதனால் நம் கிளாஸ் லீடர் எனக்குத் தனியாக எழுதினான். "நீதான் அவளுக்கு குளோஸு. அவ ஊடு எங்கன்னு மட்டும் சொல்லிப்போடு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். அவகிட்ட மூச்சுடாத, சர்ப்ரைஸா இருக்கட்டும்."

அவள் இருக்கும் இடத்தை அவளுக்குத் தெரியாமல் நான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் அட்ரஸைக் கேளுங்கள்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அதுவும் புறப்பட்டு வந்துவிடும். பொள்ளாச்சி ரோட்டுத் தென்னைகளின் மட்டையெல்லாம் கிழக்குப் பக்கமே ஒதுங்கிக் கிடக்கும். பிரேயரில் பாடுகிற பாட்டு பாதி கேட்காது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சோற்றில் மண் நறநறக்கும். நடுவில் விழுந்தும் விழாமலும் ஒரு சாரல் வேறு. பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பெண்பிள்ளைகளுக்கு நீலத் தாவணி கட்டாயமானது. அந்தக் காற்றில் தாவணியை உடம்போடு நிறுத்தி வைக்க நாங்கள் பட்ட பாட்டைப் பையன்களாகிய நீங்கள் வேலை வெட்டியில்லாமல் காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மறக்கவில்லை.

அவள் கொப்பரைக் களத்துக்காரர் மகள். ஊருக்குக் கிழக்கே, தேங்காயை உடைத்துக் காயப்போடுகிற களத்தில் அவள் அப்பா காவலும் வேலையுமாக இருந்தார். என் பெஞ்சுக்காரி. அவள் புத்தகத்தைத் திறந்தால்கூடக் காய்ந்த தேங்காய் வாசம் அடிக்கும். அவளிடம் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் இருந்தது, பெல்லுக்கு மூடி இல்லாதது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து நடந்து வருகிறவள். அந்தச் சைக்கிள் மேல் எனக்கு இருந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. மூடி இல்லாத பெல்லை அவள் அடிக்கிறபோது வருகிற அந்த டொக் டொக் சத்தத்தின் மேல்கூட ஆசை.

காலையில் அவள் மேற்கே பார்த்து வர வேண்டும். காற்று எதிரே அடிக்கும். தாவணியை இடுப்பில் செருகி, தோளில் இரண்டு பின் குத்திக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். பின்னால் வருகிறவனைத் தாண்டிப் போக அவளால் முடியாது. பேக்கரிக்காரர் மகன் அந்த ஜூன் மாதத்திலிருந்து தினமும் அவள் பின்னால் வந்தான்.

நாம் என்ன செய்தோம்? போர்டில் இரண்டு பேருடைய முதல் எழுத்தையும் சேர்த்து எழுதினோம். அவள் உள்ளே வந்தால் பேக்கரி பேக்கரி என்று இருமினோம். அவன் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டோம். அவள் ஒருநாள் டெஸ்கில் தலையை வைத்து அழுதபோது, "அழுகறாடி, அப்ப இவளுக்கும் ஆச இருக்குது" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னிடம், "நீ போயி அவங்கிட்டச் சொல்லிப்போடு. எனக்குப் புடிக்கல. பின்னாடி வரவேண்டாம்னு சொல்லு. எங்கப்பனுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திப்போடுவாங்க" என்றாள். சொல்லும்போது தாவணிப் பின்னைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரித்தாள். வெட்கமோ பயமோ, என்னவோ.

நான் பேக்கரிக்குப் போனேன். பன் வெந்து வெளியே வருகிற நேரம். அவன் அப்பா உள்ளே இருந்தார். அவன் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொன்னா?" என்றான்.

"புடிக்கலியாம். வரவேண்டாங்கறா."

அவன் முகம் செத்துப்போனது. அப்புறம், "சொல்றப்ப சிரிச்சாளா?" என்று கேட்டான்.

"சிரிச்சா."

"அப்பச் சரி" என்றான். சூடான தேங்காய்ப்பன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தான். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துகொண்டே தின்றேன். உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் செர்ரித் துண்டும் இருந்தன. முப்பது வருஷம் கழித்தும் அந்த இனிப்பு நாக்கில் இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல!

நமக்கு யார் என்ன சொல்லித் தந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். சயின்ஸ் டீச்சர் அந்த ஒரு பாடம் வந்ததும், "இத ஊட்ல படிச்சுக்கங்க, பரிச்சைக்கு வராது" என்று எட்டுப் பக்கத்தைத் தள்ளித் திருப்பினார். பையன்கள் கனைத்தீர்கள், நாங்கள் குனிந்துகொண்டோம். வீட்டில் அம்மா, "நீ தலையக் குனிஞ்சு போனா எவன் வருவான்?" என்றாள். சினிமாவில் பார்த்ததோ கேட்கவே வேண்டாம். வேண்டாம் என்று சொல்லாத கதாநாயகி உண்டா? இடைவேளைக்குப் பிறகும் வேண்டாம் என்றே நின்ற கதாநாயகிதான் உண்டா? சாக்கு சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதே டீச்சரிடம் படித்து, இதே சினிமாவைப் பார்த்துத்தான் அவளும் வளர்ந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததே.

அவன் விடவில்லை. ஜூலையில் அவள் வழியை மாற்றிக்கொண்டாள். மெயின் ரோட்டை விட்டுவிட்டு வாய்க்கால் மேட்டு வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தாள். அங்கே சோளத்தட்டுக் காடு கொஞ்சம் காற்றைத் தடுக்கும். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத தடம். "உங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறேன். எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லுல" என்றாள். நான் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். யார் தலையில் என்பது இப்போது நினைவில்லை.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் அவன் பள்ளிக்கூட கேட்டருகில் என்னிடம் வந்து, "ஏங்க, உங்களத்தான் நம்பியிருக்கறேன். இப்ப அவ எந்த வழில வர்றான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். ஒரே வகுப்பில் படிக்கிறவன் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டான். பன்னுக்காகச் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் மானம் மிஞ்சும். அதற்காக இல்லை. என் பின்னால் யாரும் வந்ததில்லை, என்னிடம் யாரும் கெஞ்சியதும் இல்லை. அன்றைக்கு இரண்டு பேருடைய ரகசியமும் என் கையில் இருந்தது. அது எனக்கு நெம்பப் பிடித்திருந்தது. சொல்லிப்போட்டேன்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் அவள் வந்தாள். வலது கையைத் தாவணி முந்தியில் சுற்றியிருந்தாள். பாவாடையெல்லாம் வாய்க்கால் சேறு, முழங்கையில் தோல் வழண்டு ரத்தம். வாய்க்கால் மேட்டில் அவன் குறுக்கே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து, கடிதத்தை வாங்கிக்கொண்டு போ என்றிருக்கிறான். அவள் திமிறியதில் சைக்கிளோடு சரிந்து விழுந்திருக்கிறாள். அவன் பயந்து ஓடிவிட்டான். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்த்து, "உன்னத் தவர யாருக்கும் தெரியாதே" என்றாள்.

"நானெல்லாம் சொல்லுல சாமி. அவனே பின்னாடி வந்து பாத்திருப்பான்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அவள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்து, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு வந்தார். "என்ற புள்ள பேரு கெடாமப் பாத்துக்கங்க சார், அது போதுமுங்க" என்று மட்டும்தான் கேட்டார். நம் ஹெச்.எம். கெட்டவர் இல்லை; எனக்குப் பரீட்சைப் பணத்தைத் தன் கையிலிருந்து கட்டியவர். அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. ராக்கி கட்டுகிற நாளான ஆவணி அவிட்டமும் பக்கத்தில் இருந்தது. "வடக்கயெல்லாம் இதுதானுங்க வழக்கம். ஒரு கயிறக் கட்டிப்போட்டா அண்ணன் தங்கச்சி ஆயிப்போச்சு. அப்பறம் எவன் வாயத் தொறப்பான்?" என்று கோயமுத்தூர் டவுன்ஹாலுக்கு ஆள் அனுப்பி, சேட்டுக் கடையில் ராக்கி வாங்கி வரச் சொன்னார். நடுவில் சிவப்புப் பஞ்சுப் பூ, சுற்றிலும் ஜிகினா.

திங்கட்கிழமை பிரேயரில் இரண்டு பேரையும் மேடையில் ஏற்றினார்கள். காற்றில் மைக் விர்விர் என்று கத்தியது. அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். முந்தின நாள் அவன் அப்பா அடித்த அடியில் காது வீங்கியிருந்தது.

அவள், "வேண்டாங்க சார்" என்றாள்.

"சும்மா ஒரு கயிறுதான் அம்மிணி. கட்டிப்போடு சாமி" என்றார் ஹெச்.எம்., நல்ல குரலில்தான்.

"வேண்டாங்க சார். எனக்கு அண்ணன் வேண்டாங்க. அவன் எம் பின்னாடி வராம இருந்தாப் போதுங்க."

இதை எத்தனை பேர் கேட்டீர்கள்? மேடைக்குக் கீழே முன்வரிசையில் நின்றதால் எனக்குக் கேட்டது. அறுநூறு பேருக்கு முன்னால், பதினைந்து வயதில், தனக்கு என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். சயின்ஸ் டீச்சர் பக்கத்து டீச்சரிடம், "அண்ணன்னு சொல்ல மனசு வரலீன்னா என்ன அர்த்தம்? இவளுக்கும் உள்ளுக்குள்ள இருக்குதுங்க" என்றார். அழுதால் ஆசை, சிரித்தால் ஆசை, மாட்டேன் என்றாலும் ஆசை. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கட்டு கண்ணு, மானம் போகுது" என்றார்.

அப்போது ஹெச்.எம். என்னைப் பார்த்தார். "நீதானே இவ சிநேகிதி? கை வலிக்குதாட்ட இருக்குது. நீ புடிச்சுக் கட்ட வையி."

நான் மேடை ஏறினேன். கையில் அடிபட்டிருப்பதால்தான் கட்டமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ராக்கியை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்து, என் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து, அவன் மணிக்கட்டுக்கு இழுத்தேன். வீங்கிய கை சூடாக இருந்தது. அவள் கையைப் பின்னால் இழுத்தாள், நான் விடவில்லை. தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம் வந்தது அவளுக்கு. முடிச்சைப் போட்டது என் விரல். கீழே நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கும் சேர்த்துத் தட்டுகிறீர்கள் என்று நான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவள் பயந்தது நடந்தது, படிப்பை நிறுத்திவிட்டார்கள். "பிரச்சினை சுமுகமா முடிஞ்சுது" என்று ஹெச்.எம். டீச்சர்களிடம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை முடிந்துதான் போனது.

இதற்குப் பிறகு நடந்ததை உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை. புரட்டாசியில் ஒருநாள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தப் பச்சை சைக்கிள் நின்றது. இனி அவளுக்கு எதற்கு என்று அவள் அப்பா விற்க வந்தாராம், என் அப்பா வாங்கிவிட்டார். "நீதான் ஆசப்பட்டீல்ல?" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லாத ஆசை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் டீச்சர் டிரெயினிங், எல்லாம் அதில்தான் போனேன். சக்கரத்து மட்காடுக்கு உள்பக்கம் வாய்க்கால் சேறு ரொம்ப நாள் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் சுரண்டவில்லை.

இப்போது நானே சயின்ஸ் டீச்சர். எட்டுப் பக்கத்தைத் தள்ளித் திருப்புவதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இதையெல்லாம் பேசச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை, சம்மதம், வேண்டாம் என்றால் வேண்டாம். சார்ட் எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். எப்படி உறுதியாக மறுப்பது என்று நடித்துக் காட்ட இரண்டாவது பெஞ்சுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டேன்.

"வேண்டாங்க மிஸ்" என்றாள்.

"சும்மா வா கண்ணு. நல்ல புள்ளைல்ல?" என்றேன். மற்ற பிள்ளைகளிடம், "கைதட்டுங்க, வருவா" என்றேன். தட்டினார்கள். அவள் பாதி எழுந்து, டெஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "மிஸ், அவதான் வேண்டாங்கறாளே" என்றது.

வகுப்பே சிரித்தது. எனக்குக் காதுக்குள் மைக் விர்விர் என்று கத்தியது. ஹெச்.எம்.முடைய அதே நல்ல குரல் என் வாயிலிருந்து வந்திருக்கிறது! "உக்காரு கண்ணு. நான் கூப்புட்டது தப்பு" என்றேன். அன்றைக்கு அந்த வகுப்பில் உருப்படியாக நடந்த பாடம் அது ஒன்றுதான், நடத்தியவள் நானில்லை.

அதற்குப் பிறகும் உங்களோடு சேர்ந்து மூன்று மூஞ்சி சிரித்தேன் பாருங்கள். அந்தப் பால் பொங்கிய அன்றைக்கு அடுத்த சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். என்ன வேலை செய்கிறாள் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்துவிடுவீர்கள். அவள் வீடு எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தாள். "வா அம்மிணி. வெயில்ல வந்திருக்கற, மொதல்ல தண்ணி குடி" என்றாள். தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். "வாய்க்கால் மேட்டு வழிய அவங்கிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்பத்திருந்து?"

"அன்னிக்கே தெரியும். உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

"அப்பறம் ஏன் மறுபடி ஒண்ணுமே கேக்குல?"

"கேட்டிருந்தா நீயும் இல்லாமப் போயிருப்பீல்ல. அப்ப எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்" என்றாள்.

முப்பது வருஷத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான் என்று எழுதினால் பொய். ஆனால் அப்படி அழுததில்லை. அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "சைக்கிள் என்னாச்சு?" என்று கேட்டாள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றேன். "பெல்லுக்கு மூடி போட்டியா?" என்றாள். போட்டேன், முதல் வாரமே. தலையாட்டினேன். "நல்லதாப் போச்சு" என்றாள்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "உன்ற தப்ப நீ எழுதிக்க. அந்த ஸ்கூலுக்கு வெளிய நான் என்ன ஆனேன்னு எழுதாத" என்றாள். அதனால்தான் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பேக்கரிக்காரர் மகனே, நீயும் படித்துக்கொண்டிருப்பாய். நீ செய்தது தப்பு. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதை, சிரித்தாள் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தது நான். அந்தப் பங்கு என்னுடையது. உன் பங்கை நீ பார்த்துக்கொள். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பிப் போகாதே. அவள் கூப்பிடவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்டதை அவளிடம் கேட்டேன். எல்லோரும் கூடுகிறோம், உன்னையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், வருகிறாயா என்றேன். வேண்டாம் என்றாள்.

நம் கிளாஸ் லீடர் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். ஆமாம், சொல்லும்போது சிரித்தாள். வாசல் வரைக்கும் வந்து, என் தோளில் கைவைத்து, நன்றாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டுதான் வேண்டாம் என்றாள்.

அவள் வேண்டாம் என்றாள். என்னிடம் அட்ரஸ் கேட்டு இனி யாரும் எழுதாதீர்கள்.